புயல் பகலுக்கு மாற்றிய கூட்டம்

அமெரிக்கப் பக்கம் கடலில் புயலாம், எண்ணெய்க் கிணறுகளை மூடிவிட்டார்களாம், பெட்ரோல் விலை ஏறுமாம். ரேடியோவில் கேட்டதிலிருந்து பேரன் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து புலம்புகிறான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு முனிசிபல் எலெக்‌ஷனையே புயல் புரட்டிப் போட்டதை ஆம்பூரில் பார்த்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அங்கே கரீம் பாயின் தோல் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். நல்ல மனுஷர். கோபம் வந்தால் உருதுவில் திட்டுவார், தணிந்ததும் தமிழில் டீ சொல்வார். கவுன்சிலர் ஆகியே தீருவது என்று நின்றார். அந்தக் காலத்தில் வேட்பாளர்கள் விளக்கு வைத்த பிறகுதான் தெருவுக்கு வருவார்கள். முன்னும் பின்னும் காஸ்லைட் சுமந்து ஆட்கள் வரவேண்டும், அதுதான் கௌரவம். அந்த ஏற்பாடெல்லாம் என் தலையில்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸில் புயல் அடித்தது. ரயில் பாதை அரித்துப்போய், காஸ்லைட்டுக்கு ஊற்றும் கிருஷ்ணாயில் டின்கள் அங்கேயே நின்றுவிட்டன. இங்கே கடைக்காரர்கள் இருந்ததையும் பதுக்கினார்கள். விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஊரே பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டது. பாய் பேஜாராகி உட்கார்ந்திருக்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பகலிலேயே கூட்டம் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். பெரிய மூளை என்று நினைப்பு.

கூட்டம் போட்டது எங்கள் தொழிலாளர்கள் குடியிருந்த தெருவில்; பெரும்பாலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். வீட்டுவரி கட்டி ஓட்டு வைத்திருந்தவர்கள் அங்கே சிலர்தான். அதில் ஒருத்தி, ஆப்பக்கடை அன்னம்மா. அவள் பேச்சுக்குத் தெருவே தலையாட்டும். பாய் எழுந்து, ஜெயித்தால் தெருவுக்கு விளக்குக் கம்பம் போடுவதாகப் பேசினார். அன்னம்மா எழுந்தாள்.

"வெளக்கு இருக்கட்டும் மொதலாளி. பகல்ல வந்துகிறீங்களே, இந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு கொஞ்சம் பாருங்க. எங்க கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல."

பாயின் காலடியில், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே எங்கள் தொழிற்சாலை மதில் சுவர். காஸ்லைட் வெளிச்சத்தில் அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நானும்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலோடு சுவர்வரை நடந்து போய்த் திரும்பினார்.

"இத்தினி நாளா ராத்திரிலயே வந்துட்டேன்மா" என்றார்.

ஓட்டு நாளுக்கு முன்பே ஆள் வைத்து வெட்டி, வாய்க்காலைப் பாலாற்றுப் பக்கம் திருப்பிவிட்டார். தெருவே திரண்டு வந்து கைதட்டியது. அன்னம்மா எல்லோருக்கும் ஆப்பம் சுட்டுப் போட்டாள். பாய் ஜெயித்தார். நாளாக ஆகக் கிணறும் தெளிந்தது. அவ்வளவு பெரிய ஆறு, எதையும் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த ஆப்பத்துக்கு மாவு கரைத்த தண்ணீரும் பாலாற்றுத் தண்ணீர்தான். கிணறு கெட்டதிலிருந்து அன்னம்மா ஆற்றில்தான் குடம் நிரப்புவாள். மணலைக் கையால் பறித்தால் போதும், இளநீர் மாதிரி ஊறும். நானே குனிந்து குடித்திருக்கிறேன்.

இப்போது அந்தத் தெருவில் விடிய விடிய விளக்கு எரிகிறது. அதன் அடியில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, தண்ணி லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.