மூன்றாவது கியர்

இரட்டை டர்போ வைத்திருப்பவனை என் மச்சான் கோகிலன் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டான். "ரெண்டு சின்னது சேந்தா ஒரு பெருசு ஆயிடுமா லா?" என்று என் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்பான். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் கார் பட்டறை நடத்துகிறவன் நான். டர்போவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவன் அவன். என் தங்கை தினேஸ்வரியைக் கட்டியவனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செமோர் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன் அவன். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயம் இடிபட்டு, குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். அலுமினியத் தொழிற்சாலையில் வார்ப்பு இயந்திரத்தின் முன்னால் நின்று நின்றே நாற்பதைத் தாண்டிவிட்டான். குடி கிடையாது, சூது கிடையாது. சம்பாதித்ததில் வீட்டுக்குப் போக மிச்சமெல்லாம் ஒரு காருக்குள் போனது. ஆர்.எக்ஸ். செவன் என்ற பழைய ஜப்பான் கார். கூடு ஓரிடத்தில் வாங்கினான். பாதியாக வெட்டி இறக்குமதியான கார்கள் விற்கும் கடையில் இன்ஜினைப் பிடித்தான். இரண்டையும் சேர்த்து உயிர் கொடுத்தது நானும் அவனும்தான்.

அதில் ஓடுவது ரோட்டரி இன்ஜின். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் முக்கோண வடிவச் சுழலி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். அருமையான இன்ஜின், ஆனால் முன்கோபி. பெட்ரோல் குறைந்து உள்ளே ஒரு முறை தட்டிவிட்டால் போதும், சுழலியின் முனைச் சீல் உடைந்து இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

பிறப்பிலேயே அந்தக் காருக்கு, இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ, சின்னதாக இரண்டு. தாழ்ந்த சுற்றிலேயே முதலாவது எழுந்து தள்ளும். நாலாயிரத்து ஐந்நூறு சுற்று வாக்கில் இரண்டாவது வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டையும் ஒழுங்காகக் கைமாற வைக்க ஏகப்பட்ட ரப்பர் குழாய்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தேடியே பாதி ஆயுள் போய்விடும். கோகிலன் அத்தனையையும் கழற்றச் சொல்லி, என் தலை அளவுக்கு ஒரே ஒரு பெரிய டர்போவை மாட்டிக்கொண்டான். பெரியதற்கு எழுந்திருக்க நேரமாகும். நாலாயிரம் சுற்று வரை ஒன்றுமே நடக்காது. அதற்குப் பிறகு ஒரு விசில் கிளம்பும் பாருங்கள், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். சுற்று இறங்கினால் அத்தனையும் போச்சு. அதனால் வளைவுக்கு ஒரு கியர், மேட்டுக்கு ஒரு கியர், லாரியைத் தாண்ட ஒரு கியர் என்று இடது காலுக்கு ஓய்வே கிடையாது. ஈப்போ நெரிசலில் ஓட்ட லாயக்கில்லை என்பது என் கட்சி. "ஒனக்கு வயசாயிருச்சு லா" என்பது அவன் கட்சி.

போன ஆண்டு தைப்பூசம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மச்சான், பழைய ரெண்டையும் மாட்டிரு."

"ஏன் லா, காய்ச்சலா?"

"நீ சொன்னதுதான் சரின்னு தோணுது. கிளட்சும் பழசையே போடு. இந்த ரேஸ் கிளட்ச் சுசா லா, பெருந்தொல்ல, வெடுக்குனு பிடிக்குது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருடத்துச் சண்டை! பட்டறையில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு, அவன் வாயாலேயே இன்னொரு முறை சொல்லவைத்தேன். அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

எங்கள் ஊரில் கழற்றிய பாகத்தை யாரும் எறிவதில்லை. காரை விற்றால், பெயர் மாற்றப் பரிசோதனைக்குப் போகிற அன்று கார் பிறந்த கோலத்தில் இருக்க வேண்டும். அதனால் பழைய டர்போ இரண்டும் என் பட்டறைப் பரணில் கோணிக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இறக்கிச் சுத்தம் செய்து, குழாய்களைப் புதிதாக வாங்கி மாட்டி முடிக்க மாதக்கணக்காயிற்று. அவன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பான். முன்பெல்லாம் ஸ்பானரைப் பிடுங்கித் தானே குனிகிறவன், இப்போது உட்கார்ந்தே இருந்தான். முதலாளி தோரணை வந்துவிட்டது என்று கிண்டலடித்தேன்.

ஓட்டிப் பார்க்கச் செமோர் பக்கம் போனோம். அவன் பிறந்த தோட்டத்துச் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை. முதலில் நான் ஓட்டினேன். மூன்றாவது கியரில் சைக்கிள் வேகத்தில் உருட்டிவிட்டு மிதித்தேன். முணுமுணுப்பே இல்லாமல் இழுத்தது. இரண்டாவது டர்போ சேர்ந்தபோது ஒரு சின்னத் தயக்கம், பிறகு ஒரே ஓட்டம்.

"பாத்தியா! ஓன் பெருசு இந்த வேகத்துல இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கும் லா!" என்று கத்தினேன்.

அவன் இடம் மாறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்.

எப்படியோ மூன்றாவதுக்கு வந்தான். அப்புறம் அதை விட்டு நகரவே இல்லை. வளைவிலும் மூன்று, மேட்டிலும் மூன்று. பழக்குலை ஏற்றிய லாரியின் பின்னால் ஊர்ந்தபோதும் மூன்றுதான். என் வேலையை ரசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். முச்சந்தியில் நிறுத்தப் போகும்போது சாலையை விட்டுவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தான். கார் துள்ளி, குலுங்கி, அணைந்துவிட்டது. கிளட்சை நான்தான் சரியாகக் கட்டவில்லையோ என்று நினைத்தேன். அவன் திரும்பக் கிளப்பி, முனியாண்டி கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

இன்ஜினைத் திறந்து மூடினால் அங்கே டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நாங்கள் ஓட்டுவோம். உச்சி வெயில். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரையில் குதிகுதியென்று குதித்து நிழலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். கோகிலன் வாசலில் நின்று வலது காலை உதறினான். செருப்பு கழன்று விழுந்தது. அடுத்து இடது காலையும் அப்படியே உதறினான். அந்தக் காலில் செருப்பே இல்லை.

பிறகு அந்தக் கொதிக்கிற தரையில் நிதானமாக நடந்து வந்தான்.

நான் காருக்கு ஓடிப் பார்த்தேன். இடது செருப்பு கிளட்ச் மிதியின் அடியில் சொருகிக் கிடந்தது. அதை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னால லா. ஒரு நா வேல முடிஞ்சு பூட்ஸக் கழட்டுறேன், உள்ள ஒரு ஸ்க்ரூ. நாள் பூரா அது மேலயே நின்னுருக்கேன், தெரியல."

காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன் என்றான். பிடித்து உட்காரவைத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே கறுத்துக் குழிந்திருந்தது. வாடை வந்தது. அவனுக்கு இனிப்பு நீர் வியாதி, ரத்தத்தில் சர்க்கரை என்று எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"வெரல எடுக்கணும்னாரு. ஓடியாந்துட்டேன்."

"அப்ப டர்போ மாத்துனது?"

டயருக்கு வைக்க எடுத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டினான். "பெருசுன்னா கியர் மாத்திக்கிட்டே இருக்கணும் மச்சான். மிதிக்கிற காலு எங்க இருக்குன்னே தெரிய மாட்டேங்குது. இதுன்னா மூணுல போட்டா வீடு வரைக்கும் போயிரலாம்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இத்தனை மாதம் ஊரைக் கூட்டி நான் கொண்டாடிய வெற்றி இதுதானா? அந்த லாரிக்குப் பதிலாகச் சைக்கிளில் ஒரு பள்ளிப் பிள்ளை போயிருந்தால்?

"சாவியக் குடு லா."

"என் காடி மச்சான் இது. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

"குடு."

முனியாண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாவியை என் கையில் வைத்துவிட்டு, "தினேசுகிட்ட சொல்லாத" என்றான்.

அன்று சாயந்திரமே தங்கையிடம் சொன்னேன். காலுறையில் கறை பார்த்தபோதெல்லாம் பூட்ஸ் கடித்துவிட்டது என்று அவளிடம் சமாளித்திருக்கிறான். அவளும் நம்பித் துவைத்துப் போட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் அவளே மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். விரலோடு நிற்கவில்லை. பாதம் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே போயிற்று. தொழிற்சாலையில் அவன் நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்கிறான். கார் என் பட்டறை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. இன்ஜின் இறுகிவிடக் கூடாதே என்று அவ்வப்போது கிளப்பி அணைப்பேன். அவன் பட்டறைப் பக்கம் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட்டு என்ன சொல்வது?

இந்தத் தீபாவளிக்கு முந்திய வாரம் தினேஸ்வரி அவனைக் கூட்டிவந்தாள். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி காரைச் சுற்றி வந்தான். பாதியாக இளைத்திருந்தான். போர்வையை விலக்கிவிட்டு, கூரையில் கையை வைத்தபடி நின்றான்.

எதையாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "ஆட்டோ கியர் வச்சுத் தாரேன் மச்சான். வலது காலு போதும்."

"அதுவும் மரத்துக்கிட்டு வருது லா" என்றான், கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்பதைப் போல. தினேஸ்வரி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோகிலன் பரணை அண்ணாந்து பார்த்தான். பெரிய டர்போ அங்கேதான் கோணிக்குள் இருந்தது.

"அத எறக்கு மச்சான். பெருசையே மாட்டிரு."

"எதுக்கு லா இப்ப?"

"நீ ஓட்டு. நா பக்கத்துல ஒக்காந்துக்கறேன்." இத்தனை மாதத்தில் முதல் முறையாகப் பழைய சிரிப்பு சிரித்தான். "இனிமே கிளட்ச் மிதிக்கப் போறது ஓன் காலுதானே."

நான் ஏணியை எடுத்துவந்து பரணில் சாத்தினேன்.