குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்த அண்ணன்

1996-ல், காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆட்கள் அண்ணனும் நானும்தான். அவர் பத்தாவதோடு பட்டாளத்தில் சேர்ந்தார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

காஷ்மீரிலிருந்து லீவில் வந்த அண்ணன் வாசலைத் தாண்டவே பயந்தார். மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். அம்மா குடத்தைத் தூக்கினாலும், "நில்லுங்கம்மா, நான் பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்று முன்னால் ஓடுவார். ராத்திரியில் தூக்கமே இல்லை. கூடவே நடந்துவந்த கூட்டாளி கண்ணிவெடியில் இறந்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஊரில் காத்து கருப்பு என்றார்கள். ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன் நான். எங்கள் தாய்மாமா குதித்தார். "பைத்தியம்னு எழுதிப்போட்டா வேலை போயிரும் அம்மணி. அப்பறம் எவன் பொண்ணு குடுப்பான்?"

தவித்துப்போன அம்மா, மாரியம்மன் கோயிலில் பூ கேட்கலாம் என்றார். எந்தப் பெரிய காரியத்துக்கும் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் மண்ணைக் குத்திக்கொண்டே அண்ணனும் எங்களோடு கோயிலுக்கு வந்தார்.

சிவப்பு வந்தது.

"நாலெழுத்துப் படிச்சுப்போட்டா சாமியவிடப் பெரியவளா நீ?" என்று மாமா சிரித்தார்.

ஆனாலும் நான் விடவில்லை. "சாமிகிட்டக் கேட்டீங்க, சரிங்க மாமா. அண்ணங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்களாண்ணா?"

கோயில் தூணைப் பிடித்து நின்றவர் நிமிர்ந்தார். "போலாங் கண்ணு. வேலை போனாப் போவுதுங்க மாமா. எனக்கு மண்ணுல நடக்கோணும்."

அம்மா திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் பூசினார். "எம்பையன் வாயத் தொறந்து கேட்டுட்டான். அதுதான் எனக்கு வாக்கு. கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் என் தப்புத்தவறான இங்கிலீஷில் டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். எத்தனையோ சிப்பாய்களுக்கு வரும் நோய் இது, குணமாகும் என்றார் அவர். மாதக்கணக்கில் மருந்தும் பேச்சுமாகப் போனது. வேலையும் போகவில்லை, பட்டாளத்திலேயே ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். அவருடைய அடுத்த லீவில், காலேஜிலிருந்து வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னை அழைத்துப்போக, உழுத காட்டின் குறுக்கே வெறுங்காலோடு வீசி நடந்து வந்தார் அண்ணன்.

நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மற்றவர்கள் முடிவெடுப்பதை எங்கே பார்த்தாலும், "அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்று இன்றும் நான் துணிந்து குறுக்கே பேசிவிடுகிறேன்.