சனிக்கிழமைக்கு எட்டு அடி

எங்கள் ஊர்ச் சனங்களுக்கு ஓடுவதில் நல்ல பழக்கம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற மண் அது. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்தால் வாவிப் பக்கம் ஓடினார்கள். இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். சுனாமி வந்த அன்று எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றவர்களே அதிகம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசற்கதவுக்குப் பின்னால் தொங்கவிடாத வீடு எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருந்ததில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்த பிறகும் அந்தப் பைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. சண்டை முடிந்ததை எல்லோரும் நம்பினார்கள், அவர்களுடைய கால்களைத் தவிர. ஹெலி ஒன்று ஊருக்கு மேலால் போனால் பாதிச் சாப்பாட்டில் எழும்பி முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். நானும் ஓரிடத்தில் இருக்கிற பிள்ளை இல்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து நடந்துதான் சாப்பிடுவேன்.

அந்த ஆவணி விடுமுறையில் அப்பா தன் ஓட்டோவில் ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார். எனக்கு அப்போது பதினொரு வயது. அவர் அவுஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ, ஞாபகமில்லை. ஓட்டோக் கூரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்த நீளப் பலகைதான் ஞாபகத்தில் நிற்கிறது. அலையில் ஏறி நின்று சறுக்குகிற பலகை. சறுக்குகிறவர்கள் வழக்கமாகப் போகிற அறுகம்குடாவில் ஆட்கள் கூடிவிட்டார்களாம், ஆளில்லாத அலை ஒன்றைத் தேடி எங்கள் பக்கம் வந்திருக்கிறார். வாவி கடலில் விழுகிற இடத்தில், மணல்திட்டுக்கு வெளியே, நல்ல அலை ஒன்று உடைகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அலை அது. அதைத் தேடி ஒருவர் கடல் கடந்து வருவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தங்க இடமில்லாததால் சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த எங்கள் வீட்டின் முன்னறையை அப்பா அவருக்கு ஏழு நாளைக்கு வாடகைக்குக் கொடுத்தார். அதுவரை அது மாமியின் அறை. மாமி அப்பாவின் அக்கா. கணவர் சண்டைக் காலத்தில் விறகு வெட்டப் போய்த் திரும்பி வரவில்லை. ஒரே மகனைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த மச்சான் எனக்கு ஒரு வயது மூத்தவன். அதற்குப் பிறகு மாமி எங்களோடுதான் இருந்தார். அப்பா சொன்னதும் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். படுத்தால் நித்திரை கொள்ளமாட்டார். எழும்பி நடப்பார், அடுப்படிக் கதவை இழுத்துப் பார்ப்பார், திரும்பவும் படுப்பார். பக்கத்தில் படுத்து எனக்கும் அந்த நித்திரையில்லா வருத்தம் தொற்றிக்கொண்டது.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான்தான். சுடுதண்ணீர் வேண்டுமா, இடியப்பம் போதுமா, கிணறு எந்தப் பக்கம் என்கிற அளவுக்குத் தெரியும். அந்தளவு தெரிந்ததற்கே எனக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளைக்காரர் வாயைத் திறக்கும் முன்னரே மொழிபெயர்க்க ஓடி வந்துவிடுவேன்.

வியாழக்கிழமை அவர் டவுனிலிருந்த இன்டர்நெட் கடைக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். மேலே கிழமைகள், அதற்குக் கீழே அலையின் உயரம், அதற்கும் கீழே காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று காட்டுகிற அம்புக்குறிகள், கடைசி வரிசையில் நட்சத்திரங்கள். வியாழனுக்கு இரண்டு, வெள்ளிக்கு நான்கு, சனிக்கிழமைக்கு எட்டு அடி. சனிக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சந்தோசம் தாங்காமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சனிக்கிழமை காலை, பெரிய அலை, மிகவும் நல்லது என்று இங்கிலீஷில் சொல்லித் தன் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொம்பியூட்டர் ஏழு நாளைக்கு முன்னரே சொல்லிவிடும் என்றார்.

நான் நேரே அடுப்படிக்கு ஓடினேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மாமி, சனிக்கிழமை பெரிய அலை வருமாம்."

துருவுகிற சத்தம் நின்றது. "ஆரு சொன்ன, மகள்?"

"கொம்பியூட்டர்ல போட்டிருக்காம்."

"எத்தின அடியாம்?"

"எட்டு."

"எத்தின மணிக்கு?"

"காலையிலயாம்."

மிகவும் நல்லது என்று அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. பெரிய அலையை நல்லது என்று யாராவது சொல்வார்களா? பாவம், வெள்ளைக்காரருக்கு வாய் தவறிவிட்டது என்று நினைத்து, அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக அதை விட்டுவிட்டேன். மாமி பாதித் தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

கதை ஒழுங்கையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எட்டு அடி பதினெட்டு அடியாகிவிட்டது. வெள்ளைக்காரர் அலையை அளக்க வெளிநாட்டு அரசாங்கம் அனுப்பிய ஆளாகிவிட்டார். பொழுதுபடும்போது எங்கள் முற்றத்தில் முப்பது பேர். "என்னகா, உள்ளதுதானா, பொய்யா?" என்று ஒவ்வொருத்தியாக என்னைக் கேட்டார்கள். நான் அந்தத் தாளைக் கொண்டுவந்து சனிக்கிழமைக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எட்டு என்ற இலக்கம் எல்லோருக்கும் தெரியுமே. ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒருவர் இழுத்தார். "சுனாமி அண்டைக்கும் ரேடியோவில பாட்டுத்தான் போன" என்றாள் ஒருத்தி.

அப்பா மட்டும் நம்பவில்லை. "அக்கா, அந்த மனிசன்ட முகத்தப் பாருங்க. பயந்த ஆள் மாதிரியா கிடக்கு?"

"அவனுக்குப் பலகை கிடக்கு தம்பி" என்றார் மாமி. "நமக்கு என்ன கிடக்கு?"

வெள்ளிக்கிழமை முழுக்க ஊர் ஒரு நிலையில் நிற்கவில்லை. கோழிகளைப் பிடித்துக் கால்களைக் கட்டினார்கள், பிறகு அவிழ்த்துவிட்டார்கள். அரிசியை மூட்டை கட்டி, மதியச் சோற்றுக்கு அரிசியில்லை என்று மூட்டையை அவிழ்த்தார்கள். கடலுக்குத் தூரத்தில், உன்னிச்சையில் வயல் வைத்திருந்த ஒருவர் எங்களை ஏற்றிப்போக மூன்று உழவு மெசின்களை இழுவைப் பெட்டியோடு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகள் கடற்கரைக்கும் வீட்டுக்குமாக ஓடி, கடல் எப்படி இருக்கிறது என்று வந்து வந்து சொன்னார்கள். அது இருந்தபடியேதான் இருந்தது. நானும் அங்குமிங்கும் ஓடித் திரிந்தேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பொருந்தவில்லை. ஊரே பெட்டி படுக்கை கட்டுகிறது, அந்த மனிதர் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு பலகைக்கு மெழுகு தேய்க்கிறார்.

பின்னேரம் மெதுவாக அவரிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒட்டுப்போட்டு, அலை எங்கள் வீட்டுக்கு வருமா என்று கேட்டேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிவிட்டது. நிலத்தில் குந்தியிருந்து குச்சியால் கீறிக் காட்டினார். இது மணல்திட்டு, இங்கே அலை உடையும், இதற்கு இங்கால் பக்கம் வெறும் நுரை. வீடு எங்கேயோ இருக்கிறது. இது விளையாடுகிற அலை, வேறு அலை. பிறகு, அன்றைக்கு நீ இங்கேதான் இருந்தாயா என்று கேட்டார். தலையாட்டினேன். குச்சியைப் போட்டுவிட்டு, கீறியதைக் கையால் அழித்தார்.

மூன்று மெசின்களும் ஒழுங்கைக்கு வந்துவிட்டன. இனி உண்மையைச் சொன்னால் ஊர் என் தோலை உரித்துவிடும். ஆனாலும் மாமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் துணிகளை அப்பா உடுக்கிற பழைய சாரத்தில் போட்டு முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விளையாடுகிற அலைதான் மாமி, வீட்டுக்கு வராதாம் மாமி, நான்தான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்றேன்.

மாமி என் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத ஆருக்கிட்டயும் சொன்னியா?"

"இல்ல மாமி."

"சொல்லாத. போய் அந்த ரெண்டு பாயையும் எடுத்துத்து வா."

அப்படித்தான் புறப்பட்டோம். வெள்ளைக்காரரிடம் அப்பா வீட்டுத் திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். வழியில் வவுணதீவில் ஆமிக்காரன் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். எட்டு அடி அலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களை மறந்து, அவசர அவசரமாகப் போனை எடுத்துச் சிங்களத்தில் "அம்மே" என்று தன் தாயோடு பேசத் தொடங்கினான். நான் பாய்க்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். என் எட்டு அடி அவன் வீடு இருக்கிற தெற்குக் கரைவரைக்கும் போகப் போகிறது.

கடலுக்குப் பயந்து ஓடிய நாங்கள் போய்க் குந்தியது உன்னிச்சைக் குளக்கட்டில். அங்கே தண்ணீர் கடல்போல் கிடந்தது. அதை யாரும் தண்ணீராக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை மாமி எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரையும் கட்டின் மேல் ஒரு மரத்தடியில் இருத்தினார். ஒன்றுக்குப் போக எழும்பினாலும் விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றி வாங்கி மடியில் வைத்திருந்தார். சுனாமி வந்த நேரத்துக்குச் சற்று முன்னதாக, எட்டரை மணிக்கு ஆரம்பித்து எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். நாங்கள் "ஓம்" சொல்லவேண்டும். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குவார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றும் வராது என்று இந்தக் கூட்டத்திலேயே தெரிந்த இரண்டு பேர் நாங்கள் இருவரும்தான். பிறகு யாருக்காக இந்த நடிப்பு? பத்து மணியானது. மாமி மணிக்கூட்டை அப்பாவிடம் கொடுத்தார். மரத்தடியில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தவர், மத்தியானம் தாண்டி, வெயில் சாய்கிறவரை அசையாமல் நித்திரை கொண்டார். மாமி அப்படி நித்திரை கொண்டு நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

அம்மா என் தலையைப் பிடித்து வைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியை எழுப்பாத தாழ்ந்த குரலில், "அண்டைக்கும் உன்ட மச்சான்தான் முதல்ல வந்து சொன்னவன்" என்றார். கடல் உள்ளுக்குப் போய்விட்டது, மீன் எல்லாம் மணலில் துடிக்கிறது என்று ஓடி வந்து சொல்லியிருக்கிறான். மாமி சோறு வடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லாமல் போய் விளையாடு என்று துரத்திவிட்டார். அவன் திரும்பிக் கடற்கரைக்கே போனான். எங்கள் ஊரில் அப்போது ஆளுக்கொரு சுனாமிக் கதை இருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எனக்கு இதுவும் இன்னொன்று. பொடியன்கள் குளத்தில் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு காதில் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியபோது வீடு காக்க நின்ற இரண்டு பேர் ஒழுங்கை வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்காரர் சனிக்கிழமை விடியவே கடலில் இறங்கி வெயில் ஏறும்வரை சறுக்கியதையும், பிறகு எங்கள் கோழிகளுக்கெல்லாம் பாண் பிய்த்துப் போட்டதையும் சொன்னார்கள். அவர் தோள் சிவந்து, மூக்கு உரிந்து, என்னைக் கண்டதும் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்றார்.

சனங்களுக்குக் கோபம் ஏறிவிட்டது. இரண்டு நாள் தொழில் போயிற்று, ஒரு கிழவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, ஒருத்தியின் ஆட்டைக் காணவில்லை. "ஆரு இந்தக் கதயக் கெளப்பின?" என்று எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் என் மேல்தான். மாமி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான். புள்ள சரியாத்தான் சொன்ன. எனக்குத்தான் விளங்கல்ல."

ஏசினார்கள். நன்றாகவே ஏசினார்கள். மகன் போனதோடு அவளுக்குப் புத்தியும் போய்விட்டது என்று அவர் காது கேட்கவே ஒருத்தி சொன்னாள். எல்லோரும் கலைந்த பிறகு மாமி கிணற்றடிக்குப் போய்ப் பானை கழுவினார். நானும் பின்னால் போனேன்.

"நான் வெள்ளிக்கிழமையே இல்லயெண்டு சொன்னன்தானே மாமி. அதுக்குப் பிறகும் ஏன் நாம போன?"

"நீ ஓடி வந்து சொன்னாய்தானே மகள்."

"அது பிழையெண்டும் சொன்னன்தானே."

"ஓம்" என்றார். "ஆனா முதல்ல ஓடி வந்து சொன்னாய்தானே."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குப் பட்டது. சொன்னதையே சொல்கிறார், பிடிவாதம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் தொடங்கியதும் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். என் இங்கிலீஷில் ஒரு பிழையும் இல்லை, எங்கள் மாமிக்கு எதைச் சொன்னாலும் விளங்காது, அவரால்தான் ஊரே ஓடியது என்று சொல்லி, குளக்கட்டில் அவர் எங்கள் பெயர்களைக் கூப்பிட்ட விதத்தையும் நடித்துக் காட்டினேன். இதை எழுதும்போது வெட்கத்தில் முகம் எரிகிறது. அன்றைக்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தது நான்தான்.