கால்வாய்க்குள் போன டீச்சர்

என் தங்கைக்குப் பயம் கூடப் பிறந்தது. கேஸ் வால்வை மூடிவிட்டு வாசல்வரை வந்தவள், திரும்பிப் போய் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பாள். அறிவியல் டீச்சரான பிறகு அந்தப் பயமே அவளுடைய வேலைமுறையாகிவிட்டது. கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுப்பதற்கு முன் வீட்டில் தானே அதைச் செய்து பார்த்துவிடுவாள். ஒரு வருடம் பேட்டரி சூடாகி ஜன்னல் திரை எரிந்தது. இன்னொரு வருடம் பூஞ்சை வளர்த்து வீடே நாறியது.

"இது சமையலறையா, போர்க்களமா?" என்பேன்.

"என் கை சுடட்டும் அண்ணா. அவங்க கை சுடக்கூடாது."

இந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை, ப்ராஜெக்டைப் பிள்ளைகளே திட்டமிடட்டும், டீச்சர்கள் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று தங்கை சரியாகச் சாப்பிடவில்லை.

மழை பெய்தால் பள்ளி மைதானத்தில் தண்ணீர் தேங்கும். மைதானத்திலிருந்து மூடிய வடிகால் ஒன்று சாலைக்கு அடியில் போய் ஏரிக்கரையில் திறக்கிறது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி தன் குழுவோடு வந்து, "வடிகால்ல அடைப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கப்போறோம் டீச்சர்" என்றாள். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று தங்கை கேட்கவில்லை. அத்தனை வருடமும் அவள் சொல்வாள், பிள்ளைகள் செய்வார்கள். அவர்களிடம் கேட்டுப் பழக்கமில்லை. சின்னப் பிள்ளைகள் அந்த இருட்டுக்குள் தவழ்ந்து போகப்போகிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"ஒருத்தி உள்ள மாட்டிக்கிட்டா என்ன அண்ணா பண்றது?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிடேன்மா."

"சொல்ல விடமாட்டாங்க. எவ்வளவு ஆபத்துன்னு நானே பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

பிள்ளைகள் வருவதாகச் சொன்ன நாளன்று, அவர்களுக்கு முன்பே என் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

பள்ளியின் பின்சுவருக்கு வெளியே வடிகாலின் மூடுபலகை ஒன்று உடைந்திருந்தது. அதன் வழியாக இறங்கிக் குனிந்து நடந்தாள். சுவரெல்லாம் வழவழப்பு, கை வைத்த இடத்தில் எதுவோ ஓடியது. சாலைக்கு அடியில் மரக்கிளையும் பிளாஸ்டிக்குமாக ஒரு குவியல் வழியை மறித்தது. அதைத் தாண்டக் கால் வைத்தாள். முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. இழுத்தாள். வரவில்லை. தலைக்கு மேலே லாரி ஒன்று போக, மண் உதிர்ந்து கழுத்தில் விழுந்தது.

அப்போதுதான் மற்றக் காலின் கணுக்கால் சில்லிட்டது. பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பந்து ஒன்று மிதந்து வந்து அவள் காலில் முட்டி நின்றது. பிறகு இன்னொன்று.

அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அடைப்பைத் தாண்டி மறுபக்கம் வருகிறதா என்று பார்க்க, பிள்ளைகள் மைதானத்து வடிகால் வாயின் கம்பி இடுக்கு வழியாகப் பந்துகளைப் போட்டு, பள்ளித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒருவரும் உள்ளே வரப்போவதில்லை. உள்ளே இருப்பது அவள் மட்டும்தான்.

குவியல் தடுத்ததால் தண்ணீர் ஏறியது. தொடை நனைந்தது, இடுப்பு நனைந்தது. டார்ச் நழுவி அணைந்தது. கத்தினாள். தன் குரலே திரும்பி வந்து காதில் மோதியது. பந்துகள் இருட்டில் முதுகை இடித்துக்கொண்டே இருந்தன. யாருக்கும் சொல்லாமல் வந்தோமே என்ற நினைப்பில்தான் உடம்பே விறைத்துப்போனது என்று பிறகு சொன்னாள்.

ஏரிக்கரையில் பந்துகளுக்காகக் காத்திருந்தவள் நெட்டை. உள்ளிருந்து குரல் கேட்டதும் யார், என்ன என்று விசாரிக்கவில்லை. விசில் ஊதினாள். விசில் கேட்டால் காரணம் கேட்காமல் வால்வை மூடவேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். சாலையில் நின்றவன் ஊதினான், தொட்டியருகே நின்றவள் மூடினாள். தண்ணீர் மார்பளவில் நின்றது.

வாட்ச்மேன் கயிறு கொண்டுவந்து அவளை வெளியே எடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பற்கள் கிட்டிக்க உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இனிமே இந்த விளையாட்டே வேண்டாம். பழையபடி நீங்களே ப்ராஜெக்ட் குடுத்துடுங்க டீச்சர்."

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். தங்கை மறுப்பாள் என்று நான்கூட நினைக்கவில்லை. அவள் ஆசைப்பட்டதே அதுதானே.

"உள்ள இறங்கறது அவங்க திட்டத்துல இல்ல மேடம்" என்றாள் தங்கை. "அது என் திட்டம்."

"அப்ப இனிமே யார் திட்டம் போடறது?"

"அவங்களே போடட்டும். எப்படிச் செய்வீங்கன்னு நான் கேக்கறேன். அதைத்தான் நான் கேக்கல."

அடைப்பை எடுக்க ஆட்கள் வந்து போனார்கள். பிள்ளைகள் மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். முந்தின நாளே தங்கை அவர்களை உட்காரவைத்துக் கேட்டாள். யார் எங்கே நிற்பீர்கள், விசில் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள், யாராவது வழுக்கி விழுந்தால்? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"இந்தத் தடவை எல்லாரும் வெளிய இருக்கோமான்னு எண்ணிட்டுத்தான் தொறப்போம் டீச்சர்" என்றாள் நெட்டை.

"முதல்ல என்னை எண்ணு."

வால்வு திறந்தபோது தங்கை ஏரிக்கரைத் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை. கடைசிப் பந்து வெளியே வந்து, எல்லாப் பிள்ளைகளும் அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகும், அந்தக் கைகளை நான்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.