அந்தப் படத்துக்கு விருது தகுமா?

கறுப்பர் ஒருவரும் அவருடைய வெள்ளைக்கார முதலாளியும் நண்பர்களாகும் அமெரிக்கப் படம் அது. விருது வாங்கியதென்று இங்கே பர்மாவில், பசுந்தாங்கில், எங்கள் பட்டறையில் எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அதே பேச்சு.

"கடைசியில கட்டிப்பிடிச்சுக்கிறாங்களே. இதுக்குக் கொடுக்காம எதுக்குக் கொடுப்பாங்க?" என்றார் கூட வேலை செய்யும் பர்மியர் கோ துன்.

"கட்டிப்பிடிச்சா ஆச்சா? வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டானா அந்த முதலாளி?" என்றார் எங்களோடு வேலை செய்யும் மேரி அக்கா.

"நீ சொல்லு, கலா" என்று கோ துன் என்னைப் பார்த்தார். 'கலா' என் பெயரல்ல; இந்தியர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் பர்மிய வார்த்தை. அவர் என்னைப் பிரியமாகத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

மேரி அக்கா சிரித்தார். "படம் பார்த்தும் இவருக்கு உறைக்கலை பாரு."

கோ துன் சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் அப்படிக் கூப்பிடுறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

நட்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தோடு, "கொஞ்சம்" என்றேன்.

"வீட்டுல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

பட்டறையில் எனக்குப் பர்மியப் பெயர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டபிறகு தமிழ்ப் பெயரை வெளியில் சொன்னதேயில்லை. மெதுவாகச் சொன்னேன்.

அவருக்கு நாக்கு புரளவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

விருது தகுமா, எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அவர் ஏன் கேட்கவில்லை, நான் ஏன் சொல்லவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.