பன்னிரண்டாவது வரவு

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கொன்றும் இல்லை. சென்ற ஆனி 12ஆம் திகதி, பிற்பகல் 2.10க்கு இது நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

கொக்குவிலில் ஒரு நகரக் கல்லூரி இருந்தது. இரண்டு வருட வர்த்தகப் படிப்பு. 1990இல் மூடியதுதான், பிறகு திறக்கவேயில்லை. என் கணவர் ஏர்னெஸ்ட் அதில் கடைசியாகப் படித்தவர்களில் ஒருவர். ஓய்வு பெற்றதும் கல்லூரியின் வரலாற்றை எழுதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "பழசைக் கிண்டாதேங்கோ" என்றேன். கேட்டால்தானே!

பழைய பியோன் கதிரவேலு அண்ணையிடம் திறப்பு இருந்தது. வகுப்பைத் திறந்துவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே எங்கும் தூசி. கடைசி வாங்குப் பலகையில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை... அலுமாரியில் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பு கிடந்தது. அதைக் கண்டதும் இவருக்குச் சிரிப்பு.

"நான் வராட்டி ஜெயதீபன் எனக்கும் சேர்த்து 'ஓம் சேர்' எண்டுவான். அவன் வராட்டி நான். ஒருநாளும் பிடிபடேல்லை."

"அவர் இப்ப எங்கை?"

சிரிப்பு நின்றுவிட்டது.

டாங்... டாங்...

மணி 2.10. வரும்போது முற்றத்தில் வெறும் சங்கிலியைத்தான் பார்த்தேன். மணியை எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

மேசைப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆளில்லை.

"றமேஸ்..."

இடாப்பிலிருந்து பெயர் கூப்பிடுகிற குரல்.

"ஜெயதீபன்..."

"ஓம் சேர்!" என்றார் இவர். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் முகம் வெளிறியது.

"ஐயோ, வெளியிலை வாங்கோ!" இழுத்தேன். அசையவில்லை.

"ஏர்னெஸ்ட்..."

இரண்டு கைகளாலும் அவர் வாயைப் பொத்தினேன். உதடு அசையவில்லை.

கடைசி வாங்கிலிருந்து...

"ஓம் சேர்."

இவருடைய குரல்.

எப்படி வெளியே வந்தோமோ தெரியாது. கதிரவேலு அண்ணை தலையில் கைவைத்தார்.

"பிள்ளை, கடைசி நாள் இவர் காய்ச்சலிலை வீட்டை. ஜெயதீபன்தான் இவருக்கும் 'ஓம் சேர்' சொன்னவன். வாசலிலை நிண்டு கேட்டனான். கொஞ்ச நேரத்திலை வகுப்பு மேலை செல் குண்டு விழுந்தது. இடாப்பிலை இவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஜெயதீபனோடை எடுத்த உடம்பு பதினொண்டு."

அன்றிலிருந்து இவர் பேசவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டொக்டர். கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், ஜெபம் பண்ணினேன். ஒரு சொல் வரவில்லை. என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

நேற்றுக் கதிரவேலு அண்ணை போன் எடுத்தார். மணி 2.10.

"பிள்ளை, அவர் இஞ்சை வந்தவரே? பூட்டின வகுப்புக்குள்ளை அவரின்ரை குரல் கேக்குது..."

இவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வாய் மட்டும் அசைந்தது.