மூன்றாவது பாட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நகங்களை வெட்டிவிட்டேன். 2017 டிசம்பர் பத்தாம் தேதி. வாடகை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லின் மேல் அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில். பழைய செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டு கைகளை நீட்டினார். அகலமான கைகள். வலது மணிக்கட்டில் கஞ்சி வடித்தபோது சுட்ட தழும்பு.

"சதையோட வெட்டிப்புடாதம்மா."

"ஆடாம இருப்பா."

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்படிப் பாத்துப் பாத்து வெட்டமாட்டாங்க."

ஆறு மாதமாக ஞாயிறுதோறும் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து இதைச் செய்துகொண்டிருந்தேன். வெட்டி முடித்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நக இடுக்குகளைத் தேய்த்துக் கழுவிவிடுவேன். கூச்சத்தில் கால் விரல்களை மடக்கிக்கொள்வார்.

"மூணாவது பாட்டிலு எப்பம்மா?"

"அடுத்த திங்கள். பதினெட்டு. காலையில ஏழரைக்குள்ள லேப்ல குடுத்துடணும்."

"நேரத்துக்குப் போறது நம்ம கையில கீது. மத்தது வயித்து கையிலதான் கீது."

அம்மா உள்ளேயிருந்து, "சாப்புடுற நேரத்துல இந்தப் பேச்சுதானா?" என்றாள்.

என் அப்பா பெயர் குஞ்சிதபாதம். குறிஞ்சிப்பாடிப் பக்கம், சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பம். 1984இல் நெய்வேலிக்கு வந்து ஒரு கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். 1999இல் பெர்மனென்ட் ஆனார். அதுவரை டவுன்ஷிப்புக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்தோம், பிறகு குவார்ட்டர்ஸ். பதினாறு வருஷம் அங்கே. 2015இல் ஓய்வு பெற்ற அன்று மாலையே வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆரோன் மாமா, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்யா, யாரு கேக்கப்போறா?" என்றார். "அடுத்தவன் வூட்டுக்காகக் காத்துகினு இருப்பான்" என்றார் அப்பா.

கேன்டீனில் அவருக்கு வேலை சோறும் சாம்பாரும். ஆயிரம் பேருக்கு உலை வைப்பார். அங்கே எல்லாம் கொதிக்கக் கொதிக்க இறங்கும். அண்டாவில் துடுப்பு, பரிமாற நீளக் கரண்டி. சோற்றில் அவர் கை பட்டதில்லை. வீட்டில் அப்படியில்லை. தயிர்சாதம் மட்டும் அவர்தான் பிசைவார், கையால்தான் பிசைவார். சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குழைய மசித்து, நிறையப் பாலும் ஒரே ஒரு கரண்டித் தயிரும் விடுவார். காலையில் கட்டிக் கொடுத்தால் மதியம் டப்பாவைத் திறக்கும்போது அளவாகப் புளித்திருக்கும். என் பள்ளிக்கூட டப்பா அதுதான். ஆரோன் மாமாவின் மகள் டெய்சிக்கும் அதுதான், வீடு மாறிய பிறகும் அவளுக்குக் கட்டிக் கொடுத்தனுப்புவார். ஐந்து வயதில் அவள் அவரிடம் வாக்கு வாங்கினாள்: "பாதம் அங்கிள், என் கல்யாணத்துக்கு நீங்கதான் சமைக்கணும்." இவர் சிரிக்காமல், "எத்தினி பேரு வருவாங்க?" என்று கேட்டாராம்.

நான் நுண்ணுயிரியல் படித்தேன். டைஃபாய்டு கிருமி மனித உடலின் செல்லுக்குள் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. அம்மாவுக்கு 2013இல் டைஃபாய்டு வந்தது. 2015இல் எனக்கு. வெளியில் சாப்பிட்டிருப்பேன் என்று நினைத்தேன். 2017 மார்ச்சில் டெய்சி மூன்று வாரம் படுத்தாள். அவள் ரத்தத்தில் வளர்த்த கிருமியை ஆய்வகத்தில் கேட்டு வாங்கினேன். எங்களிடம் சேமிப்பில் இருந்த என் கிருமியோடு ஒப்பிட்டேன். மரபணுவின் நாற்பத்தெட்டு லட்சம் எழுத்துகளில் மூன்று மட்டுமே வேறுபட்டன. ஒரே வீட்டுக் கிருமி.

எங்கள் மூவருக்கும் பொதுவானது என்ன என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை அவரிடம் சொல்ல பதினொரு நாள் ஆனது.

1994இல் கொட்டகையில் இருந்தபோது அவருக்குப் பதினெட்டு நாள் காய்ச்சல். எனக்கு எட்டு வயது. பத்தொன்பதாவது நாள் வேலைக்குப் போய்விட்டார். போகாவிட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவான். காய்ச்சல் விட்டது, கிருமி விடவில்லை. அவர் பித்தப்பையில் கற்கள் இருந்தன. கல்லின் மேல் பாசிபோலப் படிந்து, பித்தநீரின் காரத்தையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை. மலத்தோடு எப்போதும் வெளியே வராது, விட்டுவிட்டு வரும். அந்த நாளில் கழுவிய கையின் நகத்தடியில் கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும்.

அவருடைய பரிசோதனை முடிவு ஜூன் மாதம் வந்தது, கிருமி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்.

"சோப்பு போட்டுத்தானேம்மா கழுவுறேன்?"

"ஆமாப்பா. ஒருநாள் தவறினாப் போதும்."

"தயிர்ல சாவாதா? புளிப்பாச்சே."

"நல்லாப் புளிச்ச தயிர்ல போட்டா நெறைய செத்துடும். நீ பால் ஊத்திப் பெசையுற. மெதுவாப் புளிக்குது. அதுக்கேத்த மாதிரி அது தன்னை மாத்திக்குது. அப்புறம் வயித்துல இருக்குற அமிலத்தைக்கூடத் தாங்கிடும்."

"பழக்கி உட்டதே நான்தானா." தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "உள்ள போனா அடிச்சித் தொரத்த ஆளு கெடையாதா?"

"இருக்கு. ரத்தத்துல செக்யூரிட்டி மாதிரி ஒரு செல்லு. கிருமியைப் புடிச்சி முழுங்கி, ஒரு பைக்குள்ள போட்டு அடைச்சி, அமிலத்தை விட்டுக் கொல்லும். ஆனா இது அந்தப் பையையே தனக்கேத்த ரூமா மாத்திக்கும். சாப்பாடு இல்லன்னாலும் தாங்கும். வளராம, சத்தம் போடாமக் கெடக்கும். வளர்ற கிருமியைத்தான் மருந்து சுலபமா கொல்லும். கம்முனு கெடக்குறதுல பாதி தப்பிச்சிடும்."

"செக்யூரிட்டி ரூம்லயே குடித்தனமா!" என்றார். முதன்முறையாக முகத்தில் ஒரு சிரிப்பு. "நான் ரிட்டையர் ஆன அன்னிக்கே சாவியக் குடுத்தேன். இது என்னா, இருவத்தி மூணு வருஷமா காலி பண்ணாம உக்காந்துகினு கீது?"

பிறகு சிரிப்பு போனது. "கேன்டீன்ல யாருக்காவது…?"

"அங்க எல்லாம் கொதிச்சி எறங்குது. உன் கை படல. வந்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

"அப்போ கை போட்டு ஊட்டுன ஆளுங்களுக்குத்தான் குடுத்துகினு இருந்தனா."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆரோன் மாமா வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் பின்னால் போனேன்.

ஆரோன் மாமா சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். முதல் ஷிப்ட் முடிந்து வந்து பனியனோடு நின்றிருந்தார். அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாய்யா பாதம்."

"இல்ல ஆரோனு. சொல்லிட்டுப் போறேன். டெய்சிக்கு மார்ச்சுல வந்த காய்ச்சல், எங்கிட்டேருந்து வந்தது."

"நீ என்ன கொசுவா?"

அப்பா நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டெய்சி வாசலுக்கு வந்திருந்தாள். காய்ச்சலுக்குப் பின் கொட்டிய முடி அப்போதுதான் குட்டையாக முளைத்துக்கொண்டிருந்தது.

"முடி கொட்டுனதும் உங்களாலதானா அங்கிள்?"

"ஆமாம்மா."

"அப்போ கல்யாணத்துக்குச் சவுரி நீங்கதான் தேடிக் குடுக்கணும். நல்ல நீளமா."

மாமா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஜனவரியில் அவள் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

"ஆரோனு, டாக்டருங்க கணக்கு ஒண்ணு கீது. ஆபரேஷன் பண்ணி, மருந்து முடிஞ்சி, மாசம் ஒண்ணா மூணு பாட்டிலு டெஸ்ட்டுக்குக் குடுக்கணும். மூணுலயும் கிருமி இல்லன்னா நான் சமைக்கிறேன்."

"ஒண்ணு தப்புனா?"

"தப்புனா வேற ஆளப் பாரு. நான் பந்தியில எலை போடுறேன். கையில ஒறை மாட்டிகினு."

"யோவ், பாட்டில்ல என்னாய்யா குடுக்கணும்?"

அப்பா சொன்னார். மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பத்தாவதுலயே பாஸாவல நீ. இதுலயாவது பாஸாவுய்யா!"

அன்று முதல் அப்பா சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. அம்மாதான் சமைத்தாள். அவர் நிலைப்படியில் நின்று, கடுகு கருகுது, பெருங்காயம் இப்போ, என்று சொல்லிக்கொண்டிருப்பார். "ஆளு வெளிய நின்னுகினு வாய மட்டும் உள்ள அனுப்புறாரு" என்பாள் அம்மா.

ஆகஸ்டில் பித்தப்பையை எடுத்தார்கள். பதினொரு கற்கள், மல்லிவிதை அளவு. மயக்கம் தெளிந்ததும் காட்டச் சொன்னார். சிறிய டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினியூண்டு குவார்ட்டர்ஸா" என்றார். செப்டம்பர் கடைசி வரை மாத்திரை.

அக்டோபரில் முதல் பாட்டில். வாய் அகன்ற சிறிய பிளாஸ்டிக் பாட்டில். லேபிளைத் தன் கையாலேயே எழுதினார். பஸ்ஸில் யாரும் பார்க்கக் கூடாது என்று மூன்று பை போட்டுச் சுற்றி, டிபன் கேரியர் கூடையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். பக்கத்து சீட்டில் தெரிந்த ஒருவர், "என்னா மாஸ்டர், என்னா சாப்பாடு இன்னிக்கி?" என்று கேட்டுவிட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கிருமி இல்லை. நவம்பரிலும் இல்லை. அன்று நான் போனில் சொன்னதும், போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போய், "ஆரோனுக்கு போன் போடு, ரெண்டு பாஸுன்னு சொல்லு" என்று அம்மாவிடம் கத்தியது எனக்குக் கேட்டது.

நகம் வெட்டிய அந்த ஞாயிறு, நான் கிளம்பும்போது ஒரு தாளைக் காட்டினார். கல்யாண மெனு. எண்ணூறு பேர். கடைசி வரியில் தயிர்சாதம், அடைப்புக்குறிக்குள் 'கரண்டி'.

"மூணும் பாஸானா கையாலயே பெசையலாமேப்பா?"

"வேணாம்மா. அது போதும்."

டிசம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குப் பேச ஆரோன் மாமாவோடு கடைக்குப் போயிருந்தார். ஒவ்வொரு அண்டாவாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். நான்காவதைத் தட்டிவிட்டு, கொஞ்சம் உக்காந்துக்கிறேன் என்று சொன்னாராம். மாரடைப்பு. மாமா ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போயிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது அறுபத்திரண்டு.

பதினாறாம் நாள் எல்லாரும் போன பிறகு மாமா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்குக் காடாம்புலியூரிலிருந்து ஆள் பேசியிருப்பதாகச் சொன்னார். மெனு அப்பா எழுதியதுதான் என்றார். பிறகு, "பாஸாயிருப்பான்லம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு நல்லா இருந்துச்சு மாமா."

"அது தெரியும். மூணாவது? நீ படிச்சவ, சொல்லு."

கல் போய்விட்டது. மருந்து முழுசாகச் சாப்பிட்டார். ஆனால் பித்தப்பை போன பிறகும் ஈரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஏதோ ஒரு செல்லுக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் மூன்று கேட்கிறார்கள். "தெரியல மாமா" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதுச்சேரிக்குக் கிளம்பும் முன் பின்பக்கம் கை கழுவப் போனேன். குளியலறை ஜன்னல் மேடையில் டிபன் கேரியர் கூடை இருந்தது. உள்ளே மூன்று பைகள், மடித்தபடி. அவற்றின் மேல் பாட்டில், மூடி திறக்காமல். லேபிளை முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தார்: கு. குஞ்சிதபாதம், 62, மூன்றாவது, 18.12.17, காலை 7.30.